லினக்ஸில் விஆர் ஹெட்செட்டை இணைத்த விதம்

என் லினக்ஸ் கணினியில் மெட்டாவின் குவெஸ்ட் என்ற விஆர் (மெய்நிகர் உண்மை) ஹெட்செட்டைக் கம்பியில்லாமல் பயன்படுத்துவதற்காக, கணினியின் விஆர் காட்சியை ஹெட்செட்டுக்கு அனுப்பும் வைவர்ன் என்ற திறமூல மென்பொருளை நிறுவினேன்; இது விஆர் கருவிகளை இயக்கும் மொனாடோ என்ற மென்பொருளை அடிப்படையாகக் கொண்டது. இரண்டும் ஒரே வைஃபை ரவுட்டரில் இருந்தும், ஹெட்செட்டின் பட்டியலில் கணினியின் பெயர் தோன்றவில்லை. வலையமைப்பில் கணினியை அறிவிக்கும் அவாஹி சேவை நின்றிருந்தது. அதைத் தொடங்கி, வெளி இணைப்புகளைத் தடுக்கும் ஃபயர்வாலில் 5353-ஆம் போர்ட்டை யுடிபிக்கும், 9757-ஆம் போர்ட்டை டிசிபி, யுடிபி ஆகிய இரண்டு தரவுப் பரிமாற்ற முறைகளுக்கும் திறந்துவிட்டதும் பெயர் வந்தது.

அதன்பின் வந்த சிக்கல்தான் உண்மையான தலைவலி. ஹெட்செட்டில் வைவர்னின் முகப்பு தெளிவாகத் தெரிந்தாலும், விண்டோஸ் விளையாட்டுகளை லினக்ஸில் இயக்கும் புரோட்டான் வழியாகத் தொடங்கிய விளையாட்டு மேசைத் திரையிலேயே திறந்தது. அந்த விளையாட்டு கணினியின் மற்ற கோப்புகளிலிருந்து பிரிக்கப்பட்ட தனிக் கொள்கலனுக்குள் இயங்கியதால், மற்ற நிரல்கள் தன்னுடன் தொடர்புகொள்ள வைவர்ன் உருவாக்கும் சாக்கெட் கோப்பை அதனால் அணுக முடியவில்லை. அந்த அணுகலைத் திறந்துவிடும் சூழல் மாறி (நிரலுக்குத் தொடக்கத்தில் தரும் அமைப்பு) வரியைக் கணினியில் உள்ள வைவர்னின் முகப்புச் செயலியே தருகிறது; அதை விளையாட்டின் தொடக்க விருப்பங்களில் ஒட்டியதும் காட்சி ஹெட்செட்டுக்கு வந்துவிட்டது. (இந்த ஒரு வரியை ஒவ்வொரு விளையாட்டுக்கும் தனித்தனியாக ஒட்ட வேண்டியிருப்பது எரிச்சல்தான்.) விளையாட்டுகள் ஹெட்செட்டுடன் பேசும் இன்றைய பொதுத் தரமான ஓப்பன்எக்ஸ்ஆர் வருவதற்கு முன், ஓப்பன்விஆர் என்ற பழைய இடைமுகத்துக்காக எழுதப்பட்ட விளையாட்டுகளுக்கு, அதை ஓப்பன்எக்ஸ்ஆராக மாற்றித் தரும் எக்ஸ்ரைசர் என்ற இடைமாற்றியும் தேவைப்பட்டது.

காட்சி விட்டுவிட்டு வந்ததற்கு, கணினியை ஈதர்நெட் கம்பியால் ரவுட்டருடன் இணைத்து, ஹெட்செட்டை 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு மாற்றியதே போதுமானதாக இருந்தது.