வம்சாவளிப் புத்தகத்தில் பிழை இருந்தால்

எங்கள் குலதெய்வக் கோயில் குடமுழுக்கின்போது பங்காளிகள் சேர்ந்து வம்சாவளிப் புத்தகம் போட்டார்கள். அதில் என் அப்பத்தா, தாத்தாவுடைய தாத்தாவுக்கு இரண்டாம் தாரமாக அச்சாகியிருந்தார். அதைப் பார்த்த நாள் முழுக்க அப்பத்தா பேசவே இல்லை. அதற்காகத்தான் ஆவணம் தேடப் புறப்பட்டேன்.

பேரனுக்குப் பாட்டன் பெயர் வைக்கும் வழக்கம் உள்ள குடும்பங்களில் இந்தப் பிழை எளிதில் வரும். ஒரே பெயர் என்பதால் இரண்டு ஆட்களை ஒருவராக்கி விடுகிறார்கள். ஆகவே பெயரை விட்டுவிட்டு, 'இன்னார் குமாரர்' என்று தகப்பன் பெயரோடு எழுதிய பத்திரத்தைத் தேடுங்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டுப் பழைய கிரயப் பத்திரத்தின் நகல் வாங்கலாம். கிராமமும் சர்வே எண்ணும் கையில் இருந்தால் தேடுவது சுலபம். 1980-களில் நிலப் பதிவேடுகளைப் புதுப்பிக்க நடந்த யூ.டி.ஆர். திட்டத்துக்குப் பிறகு பல ஊர்களில் எண்கள் மாறிவிட்டன. பழைய எண்ணை, ஊர் நிலங்களின் விவரம் எழுதிய வருவாய்த் துறை 'அ' பதிவேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு 1921-லும் 1962-லும் எழுதிய இரண்டு பத்திரங்கள் கிடைத்தன. விற்றவர் பெயர் ஒன்றுதான். தகப்பன் பெயர் வேறு வேறு.

அடுத்தது பிறந்த வருஷம். தாத்தாவின் ஜாதக நோட்டில் 'தாது வருஷம், தை மாதம்' என்று இருந்தது. புத்தகம் போட்டவர்கள் தாது வருஷப் பஞ்சத்தை நினைத்து 1876 என்று எழுதிவிட்டார்கள். தமிழ் வருஷப் பெயர் 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பும். 1936 சித்திரையிலும் தாதுதான் பிறந்தது. தை என்றால் அதற்கடுத்த ஜனவரி, பிப்ரவரி. ஆக 1877 அல்லது 1937. எது என்று தெரிய கிழமையைப் பாருங்கள். 60 ஆண்டு கழித்து அதே தமிழ்த் தேதி அதே கிழமையில் வராது. நோட்டில் கிழமை இல்லையென்றால் ராசிக் கட்டம் போதும். ஆனால் குருவையும் சனியையும் வைத்து முடிவு செய்யாதீர்கள், 60 ஆண்டில் இரண்டும் ஏறக்குறைய பழைய இடத்துக்கே வந்துவிடும். ராகு, கேது அப்படி இல்லை, இரண்டு மூன்று ராசி தள்ளி நிற்கும். பழைய பஞ்சாங்கம் வைத்திருக்கும் ஜோசியர் ஒருவர் எங்கள் தாத்தாவுக்கு 1937 என்று உறுதியாகச் சொன்னார்.

பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டை மட்டும் நம்பி எதையும் திருத்த வேண்டாம். அந்தக் காலத்தில் வாத்தியாரே உத்தேசமாகப் பிறந்த தேதி போட்ட பிள்ளைகள் நிறைய.

சரி, ஆதாரம் கிடைத்துவிட்டது. உடனே ஊரெல்லாம் சொல்லாமல், முதலில் புத்தகத்தைத் தொகுத்த பெரியவர் வீட்டுக்கு நகல்களோடு போங்கள். நான் போனபோது பெரியப்பா இரண்டு பத்திரங்களையும் வரிவரியாகப் படித்தார். அப்புறம் அவரே பேனா எடுத்துப் பிழைதிருத்தம் எழுதினார். பக்க எண், அச்சான வரி, சரியான வரி, பத்திர எண், ஆண்டு, சார்பதிவகம் எல்லாம் அதில் இருக்கட்டும். நாளை யாரும் போய்ச் சரிபார்க்கலாம். அந்தத் தாளை நகலெடுத்து, புத்தகம் வைத்திருக்கும் ஒவ்வொரு வீட்டிலும் ஒட்டிவிட்டு வந்தோம்.

முதல் தாளை அப்பத்தாவின் பிரதியில் ஒட்டினேன். தாத்தா பெயருக்குப் பக்கத்தில் தன் பெயர் இருந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தார்.