மக்கர் செய்யும் கேமராவில் சாரையின் சாப்பாட்டை எடுக்க

வரப்பில் சாரைப்பாம்பு தவளையைக் கவ்வியிருந்தால் பதறாதீர்கள். பெரிய தவளையை விழுங்கப் பல நிமிடம் ஆகும். பழைய கேமராவுக்கும் அது போதும்.

ஆட்டோஃபோகஸ் முன்னும் பின்னும் அலைந்து, கடைசியில் குறுக்கே நிற்கும் புல்லைத்தான் பிடிக்கும். மேனுவலுக்கு மாற்றி, பாம்பின் கண்ணில் ஃபோகஸ் வைத்துவிட்டு லென்ஸின் ஃபோகஸ் வளையத்தைத் தொடாதீர்கள். தலை நகர்ந்தால் நீங்கள் ஒரு விரற்கடை முன்பின் சாய்ந்தால் போதும். பேட்டரி சரியில்லையா? எடுத்த படத்தை உடனே திரையில் பார்க்கும் ஆசையை அடக்குங்கள். ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். கார்டு மெதுவானது என்றால் மூன்று நான்கு படமாக விட்டுவிட்டு எடுங்கள்.

கிட்டே போகாமல் உட்கார்ந்தே ஜூம் செய்யுங்கள். காலடி அதிர்வு அதற்குத் தெரியும். மிரண்டால் இரையைக் கக்கிவிட்டு ஓடும். படமும் போச்சு, பாவம் அதன் சாப்பாடும் போச்சு. சாரைக்கு நஞ்சில்லைதான், ஆனால் நாகத்தைச் சாரை என்று நினைப்பவர்களும் உண்டு.

தவளை உள்ளே போனதும் கேமராவை அணைத்துவிடாதீர்கள். இழுபட்ட தாடையைச் சரிசெய்யப் பெரும்பாலும் வாயை அகலத் திறந்து கொட்டாவி விடும். என்னைக் கேட்டால், விழுங்குவதைவிட அதற்காகத்தான் பேட்டரியை மிச்சம் பிடிக்க வேண்டும்.