மின்னூல், கோர்ஸ் விற்க இறங்குபவர்கள் எங்கே சறுக்குகிறார்கள்?

மின்னூல், வீடியோ கோர்ஸ், எக்செல் டெம்ப்ளேட் என்று ஏதாவது தயாரித்து இணையத்தில் விற்கலாம் என்று இறங்குபவர்களில் நிறையப் பேர், எழுத உட்காருவதற்கு முன்பே தவறு செய்துவிடுகிறார்கள். தெரிந்ததை எல்லாம் ஒன்றுவிடாமல் சேர்க்கிறார்கள், யாருக்காக என்று கேட்டால் எல்லாருக்கும்தான் என்கிறார்கள்.

கணக்கு எழுதுவதில் நல்ல அனுபவம் உள்ள ஒருவர் 'ஜிஎஸ்டி முழு வழிகாட்டி' என்று 200 பக்கம் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். காலை ஆறு மணிக்குக் கடை திறக்கிற மளிகைக்காரர் அதை எப்போது படிப்பார்? அவருக்கு இருப்பது ஒரே கேள்வி: நான் காம்போசிஷன் திட்டத்துக்குப் (சிறு வியாபாரிகள் விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் ஜிஎஸ்டி முறை) போகலாமா, இப்போது இருக்கிறபடியே இருக்கலாமா? தமிழ்நாட்டில் சரக்கு விற்பவருக்கு ஆண்டு விற்றுமுதல் ஒன்றரைக் கோடி ரூபாய்க்குள் இருந்தால் போகலாம், வரி உள்ள சரக்கின் விற்பனையில் 1 சதவீதம் கட்டினால் போதும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை சிஎம்பி-08 என்ற படிவம், வருடத்துக்கு ஒருமுறை ஜிஎஸ்டிஆர்-4 என்ற படிவம் தாக்கல் செய்ய வேண்டும். ஆனால் வாங்குபவரிடம் வரி வசூலிக்க முடியாது, கொள்முதலில் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ள முடியாது, வெளிமாநிலத்துக்குச் சரக்கு அனுப்பி விற்கவும் முடியாது. இதுவரை சொன்னது யூடியூபிலேயே இலவசமாகக் கிடைக்கும், அதற்கு யாரும் காசு தரமாட்டார்கள். தன் கடையின் கொள்முதல், விற்பனைத் தொகைகளைப் போட்டதும் இரண்டு முறையிலும் எவ்வளவு வரி வரும் என்று காட்டுகிற ஒரு எக்செல் தாள், கூடவே அதை விளக்கும் பதினைந்து பக்கம், இதற்குத் தருவார்கள். ஏனென்றால் இது அவருடைய கடைக்கான பதில்.

அடுத்தது, யாரிடமும் கேட்காமல் மாதக்கணக்கில் உட்கார்ந்து தயாரிப்பது. நண்பர்களிடம் கேட்டால் "சூப்பர் ஐடியா" என்றுதான் சொல்வார்கள், அதை நம்பி கேமரா, மைக் எல்லாம் வாங்காதீர்கள். உண்மையில் வாங்கக்கூடியவர்கள் சிலரிடம் பேசி, அவர்கள் கேட்கிற கேள்விகளை அவர்கள் வாயில் வந்தபடியே குறித்துக்கொள்ளுங்கள், பாடத் தலைப்புகள் பெரும்பாலும் அங்கிருந்தே கிடைத்துவிடும். அப்புறம் கட்டணம் வாங்கிக்கொண்டு ஜூமில் ஒரு சின்ன வகுப்பு நடத்துங்கள். ஆள் சேரவில்லை என்றால் கட்டியவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தலைப்பை மாற்றலாம், சேர்ந்தால் அங்கே எழுந்த சந்தேகங்களை வைத்தே பதிவு செய்த கோர்ஸைத் தயாரிக்கலாம்.

மாறிக்கொண்டே இருக்கும் விஷயத்தை எடுத்துக்கொண்டு, ஒருமுறை செய்தால் போதும் என்று நினைப்பதும் பெரிய தவறு. 2025 செப்டம்பர் 22 அன்று ஜிஎஸ்டியின் 12, 28 சதவீத அடுக்குகளில் இருந்த பெரும்பாலான பொருட்களை 5, 18 என்று மாற்றினார்கள். பழைய அட்டவணையோடு இருந்த கையேடுகள் எல்லாம் அன்றோடு பிழையான கையேடுகள் ஆகிவிட்டன. அதை இன்னும் அப்படியே விற்றுக்கொண்டிருப்பது வாங்குபவருக்குச் செய்யும் அநியாயம். எந்தத் தேதி நிலவரம் என்று முதல் பக்கத்திலேயே போடுங்கள், மாறக்கூடிய எண்களைத் தனி இணைப்பாக வையுங்கள், திருத்தினால் ஏற்கெனவே வாங்கியவர்களுக்கும் இலவசமாக அனுப்புங்கள்.

வடிவம் பற்றியும் சொல்ல வேண்டும். உங்கள் வாசகர் பெரும்பாலும் போனில்தான் படிப்பார். ஏ4 அளவில் சின்ன எழுத்தில் பிடிஎஃப் செய்தால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துச் சலித்து மூடிவிடுவார். பாமினி மாதிரிப் பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்யவே செய்யாதீர்கள்; அதில் ஒரு தமிழ்ச் சொல்லைத் தேட முடியாது, நகலெடுத்து ஒட்டினால் ஆங்கில எழுத்துகளாகக் கொட்டும். யூனிகோடுதான். வீடியோ என்றால் படம் சுமாராக இருந்தாலும் பொறுத்துக்கொள்வார்கள், ஒலி இரைந்தால் பொறுக்கமாட்டார்கள்.

அமேசானின் கிண்டிலில் மின்னூல் போடுபவர்கள், அங்கே மட்டுமே விற்பேன் என்று ஒப்புக்கொள்ளும் கேடிபி செலக்ட் என்ற பெட்டியை யோசிக்காமல் டிக் செய்துவிடுகிறார்கள். அதில் சேர்ந்தால் 90 நாட்களுக்கு அந்த மின்னூலை வேறு எங்கும் விற்கக் கூடாது, உங்கள் சொந்தத் தளத்தில்கூட. இலவசமாகக் கொடுப்பதும் விதிமீறல்தான்.

விலையை 49 ரூபாய் என்று வைத்துவிட்டு, வாங்கிய ஒவ்வொருவருக்கும் வாட்ஸ்அப்பில் பதில் சொல்லிக்கொண்டிருந்தால் அந்தத் தொழில் நிலைக்காது. சந்தேகம் தீர்ப்பது விலைக்குள் அடங்குமா, எத்தனை நாளுக்கு, எந்தச் சூழ்நிலையில் பணம் திரும்பக் கிடைக்கும் என்பதையெல்லாம் பணம் கட்டும் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். டெலிகிராமில் யாராவது இலவசமாகப் பகிர்ந்துவிடுவார்களோ என்ற பயத்தில் பூட்டுக்கு மேல் பூட்டுப் போட்டு, காசு கொடுத்தவரையே திறக்க முடியாமல் தவிக்க விடாதீர்கள். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் வாங்கியவர் பெயர் வருகிற மாதிரி செய்தாலே நிறையப் பேர் பகிரத் தயங்குவார்கள்.