உடைந்த சொலிட் சர்ஃபேஸ் மேடையை ஒட்டும்போது செய்யக்கூடாதவை

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்து லயத்தை விட்டுத் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுக்கு வந்தவர்கள் ஆசையாகச் செலவழிப்பது சமையலறை கேபினெட்டுக்குத்தான். அதன் மேல் போடும் சொலிட் சர்ஃபேஸ் பார்க்கக் கல் மாதிரி இருக்கும். ஆனால் கல் இல்லை. அக்ரிலிக் பிசினோடு தாதுப் பொடி கலந்து வார்த்த பலகை அது, பெரும்பாலும் 12 மில்லிமீட்டர் தடிப்பு. மேலிருந்து அடிவரை ஒரே பொருள் என்பதால், கல் உரல் விழுந்து முனை உடைந்தாலும் திரும்ப ஒட்டித் தேய்த்துவிடலாம்.

அதைக் கெடுப்பது அவசரம்தான். உடைந்த முகம் சொரசொரப்பாக இருக்கிறதே என்று சேண்ட் பேப்பர் போட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அந்த மேடுபள்ளங்கள்தான் ஒன்றுக்குள் ஒன்று பொருந்தி உட்காரும். தேய்த்துவிட்டால் இடைவெளி விழும், எந்தப் பசையும் அதை மறைக்காது. சிதறிய சில்லுகளையும் பெருக்கிக் கொட்டாமல் எடுத்து வையுங்கள். பசை இல்லாமல் ஒருமுறை வைத்துப் பாருங்கள். அப்புறம் வெள்ளைத் துணியில் ஆல்கஹால் தொட்டுத் துடையுங்கள். சாயத் துணி என்றால் அதன் நிறம் ஏறி ஒட்டில் கோடாக நின்றுவிடும்.

அடுத்தது பசை. ஹார்ட்வேர் கடையில் முதலில் கைக்கு வருவது எபோக்சி. ஒட்டும், ஆனால் நாளாக ஆக மஞ்சளிக்கும். சிலிக்கோன் இந்த வேலைக்கே ஆகாது. பலகையின் நிறத்துக்கே கிடைக்கும் இரண்டு பாக அக்ரிலிக் பசைதான் சரி. கேபினெட் போட்டவரிடம் கேட்டுப் பாருங்கள். கலந்தபின் சில நிமிடங்கள்தான் கை பார்க்க முடியும், நம் ஊர் மத்தியான வெயிலில் இன்னும் சீக்கிரம் இறுகும். காலையிலேயே செய்யுங்கள். பசையும் ஆல்கஹாலும் தீப்பிடிப்பவை. அடுப்பை அணைத்து, கேஸ் தோம்பை (சிலிண்டரை) மூடி, ஜன்னலைத் திறந்து வைத்த பிறகே தொடங்குங்கள்.

ஒட்டிய துண்டுகளை அழுத்திப் பிடிக்கும் கிளாம்ப்பை இறுக்கு இறுக்கென்று இறுக்கினால் பசை முழுக்க வெளியே வந்து ஒட்டு வறண்டுபோகும். லேசாகப் பிடித்தால் போதும். பிதுங்கி நிற்கும் பசையை ஈரத்தோடு வழித்துவிடாதீர்கள், கோடு பள்ளமாகிவிடும். இறுகும் வரை விடுங்கள். நகத்தால் அழுத்தினால் தடம் விழக்கூடாது. அதன்பின் சொரசொரப்பிலிருந்து நைசுக்கு 120, 180, 240 நம்பர் என்று சேண்ட் பேப்பரை மாற்றி, கோட்டின் மேல் மட்டுமல்லாமல் சுற்றிலும் அகலமாகத் தேய்க்க வேண்டும். தூசி நிறையப் பறக்கும், மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள்.

அடுப்புக்காக வெட்டிய ஓட்டையின் மூலையில் பிளந்திருந்தால் விஷயம் வேறு. தீபாவளிக்கு முறுக்கு சுட்ட சட்டியை அப்படியே மேடையில் இறக்குவது, மூலையை வளைவாக வெட்டாமல் கூராக விட்டது, இரண்டுமே காரணமாக இருக்கும். மேலே மட்டும் ஒட்டினால் அடுத்த சூட்டில் திரும்பப் பிளக்கும். மூலையை வளைத்துத் தேய்த்து, அடியில் அதே பலகையின் துண்டு ஒன்றை ஒட்டிப் பலம் கொடுக்க வேண்டும். இந்த வேலைக்குக் கை பழகிய ஆளையே கூப்பிடுங்கள்.