கருவாட்டுக்காரி வீட்டுப் பக்குவம்: புற்றுநோய் அண்டாமல் இருக்க

ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊரில் இருபது வருஷமாகக் கருவாடு விற்கிறேன். கருவாட்டைக் குறைத்துச் சாப்பிடுங்கள் என்று நானே எழுதினால் கொழுந்தன் சிரிப்பான். "மதினி, சொந்த யாவாரத்துக்கே உலை வைக்கிறீங்க" என்பான். வைத்துவிட்டுப் போகிறேன். என் வீட்டுக்காரர் இறந்து ஆறு வருஷமாகிறது. கடலுக்குப் போகும்போது இடது கன்னத்தில் போயிலையை ஒதுக்கிக்கொள்வார். பசி தெரியாது, தூக்கம் வராது என்பார். புண் வந்ததும் அதே இடத்தில்தான். ஒரு வைத்தியர் பொடி கொடுத்து, தேனில் குழைத்துத் தடவச் சொன்னார். நாலு மாதம் தடவினோம். ஆஸ்பத்திரிக்குப் போனபோது கழுத்தில் நெறி கட்டியிருந்தது.

அதனால் வாயிலிருந்தே ஆரம்பிக்கிறேன். போயிலை, பீடி, சிகரெட் எதுவானாலும் விட வேண்டும். போயிலை இல்லாத வெறும் பாக்கு பரவாயில்லை என்று நினைக்காதீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, கொட்டைப்பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று 2004-லேயே முடிவாகச் சொல்லிவிட்டது. சாராயத்துக்கும் அதே பட்டம் உண்டு. எனக்குப் பாக்குப் பழக்கம் இருபத்திரண்டு வயதிலிருந்து. ஒரே நாளில் விட முடியவில்லை. இடுப்பில் செருகும் சுருக்குப்பையில் பாக்கை எடுத்துவிட்டு நெல்லி வற்றலும் ஏலக்காயும் வைத்துக்கொண்டேன். கை தானாகப் பைக்குப் போகும், போனால் இதுதான் கிடைக்கும். மூன்று மாதத்தில் நாக்கு மறந்தது. கல்யாண வீட்டில் தாம்பூலம் கொடுத்தால் மரியாதையாக வாங்கிப் பைக்குள் போட்டுக்கொள்வேன்.

இனி கருவாடு. உப்பு அளவுக்கு மீறினால் இரைப்பையின் உள்தோல் புண்படும், அங்கே குடியிருக்கும் கிருமிக்கும் அது தோது. வயிற்றுப் புற்றுநோய்க்கு அது ஒரு வழி. தென்சீனத்தில் மீனை நைய விட்டு உப்பிடும் ஒரு முறை இருக்கிறது. சின்ன வயதிலிருந்தே அதைத் தின்று வளர்ந்தவர்களுக்கு மூக்கின் பின்புறத்தில் புற்றுநோய் வரும் வாய்ப்பு அதிகம் என்பது உறுதியாகத் தெரிந்த விஷயம். நம் கருவாடு வேறு பதம். ஆனாலும் உப்பு உப்புதான். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து 5 கிராம், அதாவது ஒரு சிறு கரண்டிக்குள் நிற்க வேண்டும் என்கிறார்கள். பாறைக் கருவாடு இரண்டு துண்டு, ஊறுகாய், மோர் மிளகாய் என்று ஒரே வேளையில் வைத்தால் அளவு எங்கே நிற்கும்?

வாங்கும்போது நெத்திலியோ காரலோ கேளுங்கள். சின்ன மீன் என்பதால் பெரும்பாலும் உப்புப் போடாமல் வெயிலில் அப்படியே காயப்போடுவோம். ஒன்றை வாயில் போட்டுப் பார்த்தாலே தெரியும். பாறை, வாளை, திருக்கை எல்லாம் தொட்டியில் உப்புக்குள் கிடந்து வந்தவை. அவற்றை வெந்நீரில் கால் மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, இன்னொரு தரம் ஊறவையுங்கள். குழம்பில் தனியாக உப்புப் போடாதீர்கள். கத்தரிக்காயும் மாங்காயும் அதிகம், கருவாடு கொஞ்சம். அடுப்புத் தணலில் கருக வாட்டித் தின்பதை எங்கள் வீட்டில் நிறுத்திவிட்டோம். மீன்பிடித் தடைக்காலம் 61 நாளும் கருவாட்டையே நம்பாமல் முட்டை, பயறு, கீரை என்று மாற்றிக்கொள்ளலாம். பச்சைமீன் கிடைக்கிற நாளில் சாளையை விடாதீர்கள், விலையும் கம்மி, சத்தும் அதிகம்.

கருவாட்டில் இளஞ்சிவப்பாகப் பூத்திருந்தாலோ கறுப்புப் புள்ளி விழுந்திருந்தாலோ தூக்கிப் போடுங்கள். பூஞ்சை விஷயத்தில் நம் ஆட்கள் ரொம்ப அசட்டை. ஐப்பசி, கார்த்திகை மழையில் நிலக்கடலை, கொப்பரை, முண்டு மிளகாய் வத்தல் மூட்டையெல்லாம் நமத்துப் பூஞ்சை பிடிக்கும். கடலையில் பிடிக்கும் ஒரு பூஞ்சையின் நஞ்சு ஈரலில் புற்றுநோய் உண்டாக்கும். வறுத்தாலும் வேகவைத்தாலும் அந்த நஞ்சு முழுசாகப் போகாது. மேலே துடைத்துவிட்டு அரைத்துக்கொள்கிற சிக்கனம் வேண்டாம். புரட்டாசி வெயிலிலேயே காயவைத்து, ஆறியபின் மூடி இறுகிய தகர டப்பாவில் போடுங்கள். சூட்டோடு போட்டால் உள்ளேயே வேர்த்துப்போகும்.

சாப்பாட்டில் நம் பழைய வழக்கம் பெரும்பாலும் சரியானதுதான். கேழ்வரகுக் கூழ், குதிரைவாலிச் சோறு, முருங்கைக்கீரை, தட்டாம்பயறு, தை மாதத்தில் அவித்த பனங்கிழங்கு. இவற்றிலெல்லாம் நார் இருக்கிறது. நாளைக்கு 30 கிராம் நார் உள்ளே போனால் பெருங்குடல் புற்றுநோய்க்கான வாய்ப்பு குறையும். வெள்ளைச்சோற்றை மட்டும் மலைபோலக் குவித்தால் அந்த அளவு வராது. கடலில் பாசி எடுக்கப் போகும் பெண்களிடம் சொல்லிவைத்தால் கஞ்சிப்பாசி கொண்டுவருவார்கள். நாலைந்து தரம் மணல் போக அலசி, வெயிலில் வெளுக்கவைத்து, கொதிக்கவிட்டு வடிகட்டி, தேங்காய்ப்பால் சேர்த்து உறையவிட்டால் என் பேரப்பிள்ளைகள் கிண்ணத்தை வழித்துவிடுவார்கள். இனிப்பைக் கம்மியாகப் போடுங்கள். கருப்பட்டியும் பனங்கற்கண்டும் சர்க்கரையின் உறவுக்காரர்கள்தான், உடம்பு பெருத்தால் நோய்க்கு வழி. ஆட்டுக்கறி வாரம் அரைக்கிலோவுக்குள், அதுவும் சமைத்த எடையில்.

மஞ்சளைப் பற்றிக் கேட்காதவர்கள் இல்லை. மீன் குழம்பில் மஞ்சளோடு மிளகு சேர்ப்பது நல்ல வழக்கம். மஞ்சளில் உள்ள சத்து தனியாக உடம்பில் ஒட்டுவது அபூர்வம், மிளகு அதை ஒட்டவைக்கிறது. அதற்காக மஞ்சள் தின்றால் புற்றுநோய் வராது என்று யாரும் நிரூபிக்கவில்லை. விரலி மஞ்சளாக வாங்கி மில்லில் அரைத்துக்கொள்ளுங்கள். தூளில் பளபளப்புக்காக ஈயம் கலந்த சாயத்தைச் சேர்க்கிறவர்கள் உண்டு.

நித்தியகல்யாணிதான் எனக்குப் பெரிய பயம். நம் மாவட்டத்தின் வறண்ட காட்டில் தானாகவே பூத்துக் கிடக்கும் சுடுகாட்டுப்பூ. இதிலிருந்துதான் வின்கிரிஸ்டின் என்ற மருந்தை எடுக்கிறார்கள்; 1963-லிருந்து பிள்ளைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு ஊசியாகப் போடப்படுகிறது. அது சரி. ஆனால் இலை மலை மலையாக இருந்தால்தான் துளி மருந்து தேறும், அதையும் எடை பார்த்து நரம்பில் மட்டும்தான் ஏற்றுவார்கள். பக்கத்துவீட்டு அக்கா 'முன்கூட்டியே தடுக்க' பத்துப் பூவைக் கொதிக்கவைத்துக் குடித்துவிட்டு மூன்று நாள் வாந்தி எடுத்தார். செடியில் நஞ்சும் மருந்தும் ஒரே பொருள்தான். நோய் வந்தபின் ஆஸ்பத்திரியை விட்டுவிட்டு மாற்று வைத்தியம் மட்டும் பார்த்தவர்களுக்குச் சாவு வாய்ப்பு இரண்டரை மடங்கு என்று 2018-ல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் எழுதினார்கள். எங்கள் நாலு மாதம் எனக்குத் தெரியும்.

மீதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சீமைக்கருவேல விறகில் சமைத்தால் சுவரில் புகைபோக்கி வையுங்கள், முடிந்தால் கேஸுக்கு மாறுங்கள். டீயை ஆற்றிக் குடியுங்கள். 65 டிகிரிக்கு மேல் கொதிக்கக் கொதிக்கக் குடிப்பதும் உணவுக்குழாய்க்கு ஆகாது. 9 முதல் 14 வயதுப் பெண்பிள்ளைகளுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போட்டுவிடுங்கள். 30 வயது தாண்டிய பெண்கள் அரசு ஆஸ்பத்திரியில் கருப்பைவாயும் மார்பும் பார்த்துக்கொள்ள வெட்கப்படக் கூடாது. நான் முதல் தரம் போனபோது முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டுதான் படுத்தேன், பத்து நிமிஷத்தில் முடிந்தது.

கடைசியாக, மாதம் ஒரு தரம் கண்ணாடி முன்னால் டார்ச் அடித்து வாயைப் பாருங்கள். கன்னத்தின் உள்பக்கம், நாக்கின் ஓரம், நாக்குக்குக் கீழே. வெள்ளைத் திட்டோ சிவப்புத் திட்டோ, இரண்டு வாரம் தாண்டியும் ஆறாத புண்ணோ இருந்தால் பல் டாக்டரிடம் காட்டுங்கள். அப்புறம் மூன்று விரலை நெட்டுக்குச் சேர்த்து வாய்க்குள் விடுங்கள், போக வேண்டும். பாக்குப் போடுகிறவர்களுக்கு உள்தோல் இறுகி வாய் திறக்காமல் போகும்.

போன மாதம் கொழுந்தனை உட்காரவைத்துப் பார்த்தேன். இரண்டு விரல் போயிற்று, மூன்றாவது பாதியிலேயே நின்றது. "மிளகாய் தின்னா எரியுதா?" என்று கேட்டேன். "கொஞ்ச நாளாவே எரியுது மதினி, சொன்னா நீங்க திட்டுவீங்கன்னு சொல்லல" என்றான். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். சட்டைப்பையில் இருந்த பாக்குப் பொட்டலத்தை நான்தான் எடுத்தேன்.