மாங்கூழ் மாதிரி சுங்கம் தாண்டியது இப்படித்தான்

துபாய்க்கு அனுப்பிய எங்கள் மாங்கூழ் மாதிரி அங்கே சுங்கத்தில் மாட்டிக்கொண்டது. பெங்களூரா ரகம், கிருஷ்ணகிரியில் கூழுக்கு அதிகம் போவது அதுதான். கூரியர்காரர் இன்வாய்ஸில் வெறும் 'உணவுப் பொருள்' என்று எழுதியிருந்தார்.

அடுத்த முறை நானே எழுதினேன்: 'மாம்பழக் கூழ், மாதிரி மட்டும், விற்பனைக்கல்ல.' எடை, சுங்கத்துக்காக ஒரு மதிப்பு, தயாரித்த தேதி, காலாவதி தேதி. பிரிக்ஸ் (கூழில் கரைந்திருக்கும் சர்க்கரையின் அளவு), அமிலத்தன்மை காட்டும் லேப் ரிப்போர்ட்டையும் உள்ளே வைத்தேன். வாங்குபவர் கண் முதலில் போவது பிரிக்ஸ் மீதுதான். சரக்கு தாண்டிவிட்டது.

அப்புறம் செலவுக்கு உதவி. ஏற்றுமதி, இறக்குமதிக் குறியீட்டு எண் வாங்கி, மத்திய வணிக அமைச்சகத்தின் கீழுள்ள, வேளாண் பொருள் ஏற்றுமதியை வளர்க்கும் அமைப்பான அபீடாவில் பதிவு செய்தேன். அபீடாவிடம் நிதி உதவி கேட்கும் சிறு ஆலைக்காரர்கள் தயவுசெய்து கவனியுங்கள்: செலவழித்துவிட்டு பில்லோடு போகாதீர்கள், முன் ஒப்புதலை முதலில் வாங்குங்கள்.