ஸ்டார்ட் போடும் முன்: ஜாவா த்ரெட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைக் குலை நிறுக்கும் நிலையம் ஒன்றுக்கு ஜாவாவில் புரோகிராம் எழுதுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். லோரி தராசில் ஏறியதும் எடை ஆடாமல் நிற்கும்வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் கிராணி அடுத்த லோரியின் எண்ணைத் தட்ட ஆரம்பித்துவிடுவார். ஆக, தராசைப் படிக்கத் தனி த்ரெட் வேண்டும், அதாவது புரோகிராமின் மற்ற வேலைகளோடு கூடவே ஓடும் தனி ஓட்டம்.

புதிதாக எழுதுகிறவர்கள் முதலில் சறுக்குவது, த்ரெட் செய்யவேண்டிய வேலை இருக்கும் ரன் (run) மெத்தடுக்கும் த்ரெட்டைக் கிளப்பும் ஸ்டார்ட் (start) மெத்தடுக்கும் நடுவில். ரன்னை நேராக அழைத்தால் கம்பைலர் ஒன்றும் சொல்லாது, வேலையும் நடக்கும். ஆனால் அழைத்த த்ரெட்டிலேயே நடக்கும். தராசு பதில் தரும்வரை திரை ஹேங் ஆகி நிற்க, வெளியே லோரி வரிசை நீளும். புதிய த்ரெட்டைக் கிளப்புவது ஸ்டார்ட் மட்டும்தான். ஒரே த்ரெட்டுக்கு இரண்டாம் முறை ஸ்டார்ட் போட்டால் எக்செப்ஷன் (ஓடும்போது எழும் பிழை) வரும்.

இதெல்லாம் அன்றைக்கே தெரிந்துவிடும், பரவாயில்லை. ஆப்ஜெக்டை உருவாக்கும் கன்ஸ்ட்ரக்டருக்குள் ஸ்டார்ட் போடுவதுதான் பொல்லாதது. ஆப்ஜெக்ட் முழுசாக உருவாகும் முன்பே த்ரெட் அதைத் தொடத் தொடங்கிவிடுகிறது. காலையில் ஆள் எண்ணி வேலை பிரிக்கும் பெரட்டு முடியாமலே ஆளை நிரைக்கு விரட்டிய கதைதான். சரி, கடைசி வரியில் போட்டால்? அதுவும் போதாது. அந்தக் கிளாஸிலிருந்து இன்னொரு கிளாஸ் கிளைத்தால், தாய்க் கிளாஸின் கன்ஸ்ட்ரக்டர்தான் முதலில் ஓடி முடியும். டன் விலைக்குப் பிள்ளைக் கிளாஸ் மதிப்புப் போடுவதற்குள் த்ரெட் எட்டிப் பார்த்தால் அங்கே 0 இருக்கும். ரசீதிலும் 0 வெள்ளி. அதுவும் எப்போதும் நடக்காது, என்றாவது ஒரு லோரிக்கு நடக்கும். நீங்கள் உட்கார்ந்து சோதிக்கும்போது எல்லாம் ஒழுங்காகவே ஓடும்.

ஸ்டார்ட்டுக்கு முன் நீங்கள் எழுதிவைத்தது எல்லாம் புதிய த்ரெட்டின் கண்ணில் படும். இது ஜாவா தரும் உறுதி. அதற்குப் பின் மாற்றுவதற்கு லாக் (ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் விடும் பூட்டு), வோலடைல் (மாற்றம் மற்ற த்ரெட்களுக்குத் தெரியச் செய்யும் குறிச்சொல்) மாதிரி ஏதாவது இல்லாமல் அந்த உறுதி கிடையாது. எனவே நியூ (new) போட்டு ஆப்ஜெக்டை உருவாக்கி முடித்து, வேண்டியதை நிரப்பி, அப்புறம் தனி மெத்தடில் ஸ்டார்ட் செய்யுங்கள்.

லோரிக்கு ஒரு த்ரெட் என்று புதிது புதிதாக உண்டாக்குவதையும் விட்டுவிடலாம். 2004-இல் ஜாவா 5-உடன் வந்த எக்சிகியூட்டர், சில த்ரெட்களையே வைத்துச் சமாளிக்கும். அதிலும் ஒரு வம்பு உண்டு. சப்மிட் (submit) மூலம் எக்சிகியூட்டரிடம் கொடுத்த வேலைக்குள் எக்செப்ஷன் எழுந்தால், அது வேலையின் முடிவை வைத்திருக்கும் ஃபியூச்சருக்குள் (Future) போய் ஒளிந்துகொள்ளும். முடிவைக் கேட்டு வாங்கும் கெட் (get) மெத்தடை நீங்கள் அழைக்கும்வரை எங்கும் ஒரு வரிகூட வராது. எடை பதியாமல் போனது மாதக் கணக்கு முடிக்கும்போதுதான் கிராணிக்குத் தெரியவரும்.